லுசுங்கு அழித்த நான்கு வரிகள்

லுசுங்கு ஹரவாவால் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது. மினிபஸ்ஸில் ஏறினால் முன் சீட்டின் கிழிந்த உறையை உள்ளே செருகிக்கொண்டே வருவாள். சர்ச்சில் பாட்டுப் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்கி முடித்த பிறகுதான் ஜெபம். ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், சமையல்கட்டுக்குள் நுழைந்து தட்டுகளை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்து, மணப்பெண்ணின் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். வயது முப்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. முடி பின்னும் கடை வைத்திருந்த தங்கை தமண்டாவோடு ஸோம்பாவில், மலையடிவாரத்தில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தாள்.

அவள் வேலை பார்த்த இடம் சந்தைக்குப் போகும் சாலையில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. கீழே ஆறு தையல் இயந்திரங்கள் ஓடும். மேலே இரண்டு மேசை, இரண்டு லேப்டாப், கரண்டு போனால் தாக்குப்பிடிக்க ஒரு லாரி பேட்டரி. ஆட்களும் இரண்டு பேர்தான். ஒருத்தி லுசுங்கு. இன்னொருவர் ட்வாய்பு சவாலி. அவளைவிட நான்கு வயது மூத்தவர், பருமனான உடம்பு, அவசரமே தெரியாத மனிதர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் படிக்கும்போது (கொஞ்சம் தாமதமாகத்தான் படிக்கப் போனார்) அவர் எழுதியதுதான் 'ம்பிரி' என்கிற மென்பொருள்.

ம்பிரி என்றால் அந்த ஊர் மொழியில் வரலாறு என்று பொருள். அதன் வேலையும் அதுதான். நாம் திருத்தித் திருத்தி எழுதுகிற கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் அது வரிசையாகச் சேமித்து வைக்கும். எதை யார் எப்போது மாற்றினார் என்று கேட்டால் சொல்லும். இரண்டு பேர் தனித்தனியே திருத்தியதை ஒன்றாகச் சேர்த்துத் தரும். இதைச் செய்ய உலகத்தில் பெரிய மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் இணையம் எட்டிப்பார்க்காத ஊர்களில், ஒரு பென் டிரைவை மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்பியே இவ்வளவையும் செய்ய முடிந்தது ம்பிரியால்தான். விதை ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருந்தார்கள். அகராதி தொகுப்பவர்கள் வைத்திருந்தார்கள். மருந்து அளவுகளைக் கணக்கிட்டு அட்டவணையாகக் கிராமத்து மருந்தகங்களுக்கு அனுப்புகிறவர்களும் அதையே நம்பியிருந்தார்கள். எல்லாம் சேர்த்து அறுபது இடங்களுக்கு மேல். ஒரு சின்ன அறக்கட்டளை இவர்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்தது.

லுசுங்கு சேர்ந்த மூன்றாம் வாரம் ம்பிரியின் உள்ளே எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

உள்ளே 'ஸோன்ஸே' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, இருந்தது. ஸோன்ஸே என்றால் எல்லாம். பெயருக்கேற்றபடி எல்லாவற்றையும் அதுவே செய்தது. கோப்பைப் படிப்பது, மாற்றம் கண்டுபிடிப்பது, சேமிப்பது, சேர்ப்பது, பிழை சொல்வது, கடைசியில் திரையைத் துடைப்பது வரை. மூவாயிரத்து எண்ணூறு வரி. ஒரு வேலையின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்ததற்குக் களஞ்சியம் என்று பெயர். போதாததற்கு, 'இப்போது திறந்திருக்கும் களஞ்சியம்' என்று, நிரலில் எங்கிருந்தும் தொடக்கூடிய ஒரே ஒரு பொது மாறி. அறுநூற்றுச் சொச்சம் இடங்களில் அதைத் தொட்டிருந்தார் ட்வாய்பு. ஒரு நேரத்தில் ஒரு களஞ்சியம்தான் திறந்திருக்க முடியும் என்பது ம்பிரியின் எலும்பு வரைக்கும் ஊறிப்போயிருந்தது.

அகராதிக்காரர்கள் ஒருநாள் வந்து கேட்டார்கள். "எங்க பழைய அகராதியும் புது அகராதியும் ரெண்டு தனித் தனிக் களஞ்சியமா இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்து பக்கத்துல பக்கத்துல பாக்க முடியுமா?"

"முடியாது," என்றார் ட்வாய்பு, எண்ணெயில் பொரித்த மந்தாஸி உருண்டையைக் கடித்தபடி.

அவர்கள் படி இறங்கிப் போனதும் லுசுங்கு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏண்ணே முடியாது? அந்த ஒரு மாறிய எடுத்துட்டா முடியும்ல?"

"அத எடுத்தா எல்லாம் சரிஞ்சிரும் தங்கச்சி."

"அப்ப எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டு எடுப்போம். வெளிய ஒண்ணும் மாறாது. உள்ள மட்டும் சுத்தம் பண்றேன். ஸோன்ஸேயப் பிரிச்சு முப்பது சின்னச் சின்ன ஃபங்ஷனா..."

"ஓடுதா?"

"ஓடுது. அதுக்காக?"

"ஓடுதுல்ல? விடு. நீ உக்காரு மொதல்ல. நீ நடக்குறதுல என் டீ ஆடுது."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குள் எதுவும் உட்காரவில்லை. அன்று சாயங்காலமே, ட்வாய்புவிடம் சொல்லாமல், ம்பிரியின் நிரலை நகலெடுத்துத் தனக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொண்டாள். ட்வாய்பு அவர் பாட்டுக்கு மூலத்தில் வேலை செய்துகொண்டிருக்க, அவள் தன் கிளையில் ஸோன்ஸேயைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

ஐந்து மாதம் போயிற்று. மழைக்காலம் முடிந்து, மலையிலிருந்து சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல் இறங்கி, ஊர் முழுக்க ஈரக் கம்பளி மாதிரி மூடிக்கிடந்தது. அவள் காலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்குப் போவாள். மத்தியானம் ந்சிமாக் களியைக் கையில் உருட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை தமண்டா அவளுக்கு முடி பின்னும்போதும் மடியில் லேப்டாப் இருக்கும்.

"தலைய ஆட்டாத அக்கா. நீ ஆட்டுனா கோணல் வகிடு எடுத்துருவேன், அப்பறம் என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

"ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இத மட்டும்..."

"அந்த ஆளுக்குத் தெரியுமா நீ அவர் வீட்டக் கூரையோட பிரிச்சுக்கிட்டு இருக்கன்னு?"

"முடிச்சுட்டுக் காட்டுறேன். பாத்தா அசந்துருவாரு."

"அசந்துருவாரா, அழுதுருவாரா?" என்று சொல்லிவிட்டுத் தமண்டா ஒரு பின்னலை வெடுக்கென்று இழுத்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை லுசுங்கு தன் கிளையைக் காட்டினாள். ட்வாய்பு கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். இடையிடையே "ம்" என்றார். ஒரு இடத்தில் "நல்லாருக்கே" என்றும் சொன்னார். பிறகு கேட்டார்:

"இந்த அஞ்சு மாசத்துல நான் ஸோன்ஸேல நாப்பத்தி மூணு திருத்தம் பண்ணியிருக்கேன். அதெல்லாம் இதுல எங்க?"

"மெர்ஜ் பண்ணிக்கலாம்ணே. ம்பிரியே சேத்துக் குடுக்கும்ல."

"குடு பாப்போம்."

அவள் கட்டளை கொடுத்தாள். ம்பிரி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, இருநூற்றுத் தொண்ணூற்றொரு இடங்களில் இரண்டு பக்கமும் மோதுவதாகவும் எது சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றும் சொல்லி நின்றுவிட்டது. லுசுங்கு மூன்று நாள் முட்டிப் பார்த்தாள். ஒரு மோதலைத் தீர்த்தால் பக்கத்தில் இரண்டு முளைத்தன. அவர் திருத்திய வரி எதுவும் அவள் கிளையில் அந்த உருவத்தில் இல்லை. எந்த வரி எங்கே போயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. நான்காம் நாள் மத்தியானம் லேப்டாப்பை மூடினாள். யாரிடமும் சொல்லாமல் மலைச்சாலையில் நடக்கத் தொடங்கினாள். பாதி மலை ஏறி, சாலையோரத்தில் பழம் விற்றவளிடம் கிரனடில்லா வாங்கி, புளிப்பில் கண் கலங்கச் சாப்பிட்டுவிட்டு, அதே வேகத்தில் இறங்கி வந்தாள்.

ட்வாய்பு அதே நாற்காலியில் இருந்தார்.

"அழிச்சிட்டேன்," என்றாள்.

"எத?"

"கிளைய. அஞ்சு மாசத்த."

கீழே தையல் இயந்திரங்கள் கடகடத்தன. "நான் உன்னப் பண்ணவே கூடாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "அதான் ஒளிச்சு வெச்சுப் பண்ணிட்ட. சரி. இப்ப ஒண்ணு சொல்றேன். மறுபடி பண்ணு. ஆனா ஒரு நாளைக்கு ஒரு துண்டு. காலைல நீ குடு, நான் படிச்சுப் பாத்து மத்தியானம் மூலத்துல சேப்போம். பெருசா ஏதாவது கொண்டு வந்தன்னு வெய்யி, படிக்கவே மாட்டேன்."

"ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா வருஷக் கணக்கா ஆகும்ணே!"

"ஆகட்டும். உனக்கு வேற எங்க போகணும்?"

போவதற்கு நூறு இடம் இருப்பதுபோல் அவளுக்கு உடம்பு பரபரத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். எந்த இடத்தைத் தொடுவதானாலும், அது இன்றைக்கு என்ன செய்கிறதோ அதைச் சரிபார்க்கும் ஒரு டெஸ்ட் முதலில் எழுத வேண்டும். அசட்டுத்தனமாக நடந்துகொண்டாலும் அப்படியே எழுத வேண்டும். அதன் பிறகுதான் கை வைக்கலாம்.

இப்படித் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தபோது, நவம்பரில் அந்த நான்கு வரிகள் அவள் கண்ணில் பட்டன.

கோப்புகளைச் சேமித்து முடிக்கும் இடத்தில், ஒரு காரணமும் இல்லாமல், நிரல் இரண்டு விநாடி சும்மா காத்திருந்தது. அவ்வளவுதான். விளக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இரண்டு விநாடி. நூறு முறை சேமிக்கிறவனுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வீண். ம்பிரி மெதுவாக இருக்கிறது என்று ஊரெல்லாம் புலம்பியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"இது என்னண்ணே?"

ட்வாய்பு குனிந்து பார்த்தார். "ஏதோ போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"எட்டு வருஷம் ஆச்சு தங்கச்சி. நேத்து என்ன சாப்ட்டேன்னே ஞாபகம் இல்ல."

ம்பிரியின் வரலாற்றையே ம்பிரியிடம் கேட்டாள். அந்த வரிகளைச் சேர்த்த நாளில் ட்வாய்பு எழுதியிருந்த குறிப்பு ஒரே சொல்: 'சரியாகிவிட்டது'. எது சரியில்லாமல் இருந்தது, எப்படிச் சரியாயிற்று, ஒன்றும் இல்லை. அவள் வரிகளை எடுத்துவிட்டு இருந்த டெஸ்ட்டுகள் அத்தனையையும் ஓட்டினாள். எல்லாம் தேறின. ட்வாய்புவும் படித்தார், தலையாட்டினார். நான்கு வரிகளும் போயின.

புது ம்பிரி வெளியே போனதும் விதை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன மாயம் பண்ணுனீங்க? பறக்குது!" என்றார். லுசுங்கு அன்று தையல்காரர்களுக்கெல்லாம் தோப்வா என்கிற இனிப்புச் சோளக்கூழ் வாங்கிக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு அழைப்பு. சில்வா ஏரிப் பக்கம் ஒரு மருந்தகத்தில் செவிலியாக இருந்த சிஸ்டர் லிகொமேகா பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, அந்த மருந்துக் கணக்குப் பண்றவங்களுக்குப் போன் போட்டேன். அவங்க உன்னக் கேக்கச் சொன்னாங்க. குழந்தைங்க சிரப்பு அட்டவணை இருக்குல்ல? ஆறு கிலோ பிள்ளைக்கு ரெண்டு மில்லி. எட்டு கிலோ பிள்ளைக்கு ஏழரை மில்லி. பத்து கிலோ பிள்ளைக்கு மூணு மில்லி. படிச்சுப் பாத்தா உனக்கே சிரிப்பு வரலையா?"

லுசுங்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க... யாருக்காவது குடுத்துட்டீங்களா, சிஸ்டர்?"

"இருபத்தி ரெண்டு வருஷமா ஊசி போடுறேம்மா. கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு எட்டு கிலோப் பிள்ளைக்கு ஏழரை ஊத்துவேனா? ஆனா எல்லா மருந்தகத்துலயும் நான் இல்ல பாரு."

மருந்து அட்டவணைக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் சத்தியம் செய்தார்கள். ஏழரை என்று தவறாக விழுந்ததை அன்றே இரண்டரையாகத் திருத்திவிட்டார்களாம். அவர்கள் திரையில் இரண்டரைதான் இருந்தது. ஆனால் ம்பிரி சேமித்து வெளியே அனுப்பியதில் ஏழரை. திருத்தம் நடந்ததாகவே ம்பிரிக்குத் தெரியவில்லை.

பதினொரு பென் டிரைவுகள் போயிருந்தன. லுசுங்கு நின்றபடியே பதினொரு மருந்தகங்களுக்கும் போன் போட்டாள். ஒரு கையில் போன், மறு கை சுவரில் உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஏழு இடத்தில் அட்டவணையை இன்னும் திறக்கவில்லை. இரண்டு இடத்தில் திறந்திருந்தார்கள், எட்டு கிலோப் பிள்ளை எதுவும் வரவில்லை. லிகொமேகா பத்தாவது. பதினோராவது இடமான ம்போசியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்க ஆளில்லை.

"இன்னொரு தடவ அடிச்சுப் பாரு," என்றார் ட்வாய்பு.

"இருபது தடவ அடிச்சிட்டேன். நான் போறேன்."

"மழை வருது. ரோடு எப்படி இருக்குன்னு..."

அவள் அதற்குள் படி இறங்கியிருந்தாள். மினிபஸ் பாதித் தூரம்தான் போயிற்று. மீதிக்கு ஒரு சைக்கிள் டாக்ஸி. சேற்றில் சக்கரம் சிக்கும்போதெல்லாம் இறங்கி இவளும் தள்ளினாள். சைக்கிள்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "யாராச்சும் செத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டான். "தெரியல, அதான் போறேன்," என்றாள். அதன் பிறகு அவன் இன்னும் வேகமாக மிதித்தான். வழியெங்கும் அவளுக்கு ஒரே கணக்கு. எட்டு கிலோ என்றால் எத்தனை மாதக் குழந்தை? ஏழெட்டு மாதம். உட்காரப் பழகியிருக்கும். எதைக் கண்டாலும் வாயில் வைக்கும்.

ம்போசி மருந்தகத்தின் வாசலில் ஒரு இளம் செவிலி மதெம்பாக் கருவாட்டைச் சாக்கில் பரப்பி, மழை வருமுன் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பென் டிரைவ்," என்றாள் லுசுங்கு மூச்சு வாங்க. "போன வாரம் வந்தது. அதுல இருக்கிற அட்டவணைய யாருக்காவது..."

"அதுவா? மேசை டிராயர்ல கெடக்கு. எங்க கம்ப்யூட்டர் சார்ஜர எலி கடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. நாங்க செவுத்துல ஒட்டியிருக்குற பழைய தாளத்தான் பாத்துக் குடுக்குறோம்." அவள் லுசுங்குவை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. "போனும் தண்ணில விழுந்திருச்சு. ஏன், புது சார்ஜர் கொண்டு வந்திருக்கீங்களா?"

லுசுங்கு அங்கேயே திண்டில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான். செவிலி ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, கருவாட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தப் பென் டிரைவைக் கையோடு வாங்கி வந்தாள் லுசுங்கு. மறுநாள் காலையிலிருந்து பிழையைத் தேடினாள். அட்டவணைக்காரர்கள் செய்ததை அப்படியே செய்து பார்த்தாள். அவர்கள் கையால் திருத்துவதில்லை. ஒரு சின்ன நிரல் வைத்திருந்தார்கள். அது ஒரு வரியை எழுதும், ம்பிரியில் சேமிக்கும், தவறிருந்தால் உடனே திருத்தும், மறுபடி சேமிக்கும். அவள் லேப்டாப்பில் இருநூறு முறை ஓட்டினாள். இருநூறு முறையும் திருத்தம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது. மேசையை இடம் மாற்றிப் போட்டாள். பேட்டரி ஒயர்களைச் சுற்றி வைத்தாள். கடைசியில் எதற்கென்றே தெரியாமல், களஞ்சியத்தை ம்போசியின் பென் டிரைவிலேயே வைத்து ஓட்டினாள்.

முதல் முறையே திருத்தம் காணாமல் போயிற்று.

அட்டவணைக்காரர்களின் கம்ப்யூட்டர் பலர் கைபட்டது. அதனால் அவர்கள் எப்போதும் பென் டிரைவில் வைத்தே வேலை செய்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோப்புகள் எழுதப்பட்ட நேரங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தாள். பதினான்காவது விநாடி. பதினாறாவது விநாடி. பதினாறு. பதினெட்டு. இருபத்திரண்டு. ஒரு ஒற்றைப்படை எண்கூட இல்லை.

"அண்ணே," என்றாள். "இங்க வாங்க. இந்த பென் டிரைவு நேரத்த ரெண்டு ரெண்டு விநாடியாத்தான் எழுதுது. நடுவுல இருக்குற விநாடியே அதுக்குக் கிடையாது."

ட்வாய்பு எழுந்து வந்தார்.

ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க, ம்பிரி முதலில் இரண்டைத்தான் கவனிக்கும்: கடைசியாக எழுதிய நேரம், கோப்பின் அளவு. இரண்டும் முன்பு பார்த்தபடியே இருந்தால் உள்ளே திறந்து பார்க்காமல் போய்விடும். ஏழரையும் இரண்டரையும் கோப்பில் 7.5, 2.5 என்றுதான் இருக்கும்; எழுத்துக்கணக்கு ஒன்றே, அளவு மாறவில்லை. சேமித்த அதே இரண்டு விநாடிக்குள் திருத்தியதால் நேரமும் மாறவில்லை. அந்த நான்கு வரிகள் இருந்தவரை, ஒவ்வொரு சேமிப்புக்குப் பிறகும் இரண்டு விநாடி காத்திருந்ததால், அடுத்த திருத்தம் கட்டாயம் வேறொரு நேரத்தில்தான் விழும்.

ட்வாய்பு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஹாஸ்டல்ல," என்றார் மெதுவாக. "ஆறு பேருக்கு ஒரே பென் டிரைவு. ஒருத்தன் எழுதுனது அடிக்கடி காணாமப் போகும். நான் ரெண்டு ராத்திரி உக்காந்து கண்டுபிடிச்சேன். இப்பதான் ஞாபகம் வருது." கண்ணாடியைக் கழற்றினார். "கண்டுபிடிச்சத எழுதி வைக்கத் தோணல பாரு. 'சரியாகிவிட்டது'ன்னு எழுதியிருக்கேன், கழுத."

"நான்தானண்ணே அழிச்சேன்."

"நானும்தான் தலையாட்டுனேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் தமண்டாவிடம் சொன்னாள், இனி அந்த நிரலைத் தொடமாட்டேன் என்று. தமண்டா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த சிஸ்டர் கவனிக்கலேன்னா ஒரு பிள்ள..." லுசுங்கு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். "எனக்கு எதையும் இருக்குற மாதிரி விடத் தெரியலடி. அதான் நோயி."

"ஆமா, நோய்தான்," என்றாள் தமண்டா. "போன மாசம் என் கடைல க்ரீம் டப்பா எல்லாத்தையும் மாத்தி வெச்சிட்டுப் போன. ஒரு கஸ்டமர் தலைல வேற எதையோ தேச்சுட்டேன். உன்ன வையாத நாளில்ல." கீரைக்காம்பை எறிந்தாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். நாலு வரியத் திருப்பி வெச்சுட்டு நீ போயிட்டா, அடுத்து வர்றவ அது எதுக்குன்னு தெரியாம மறுபடி எடுக்க மாட்டாளா?"

லுசுங்குவும் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். தமண்டா ஆய்ந்து முடித்ததையும் சேர்த்து மறுபடி ஆய்ந்தாள்.

மறுநாள் நான்கு வரிகளை அவள் திருப்பி வைக்கவில்லை. காத்திருப்பதற்குப் பதிலாக, கோப்பின் நேரம் கடைசிச் சேமிப்பு நேரத்தோடு ஒட்டியிருந்தால் சந்தேகப்படு, உள்ளே திறந்து முழுக்கப் படித்துப் பார் என்று எழுதினாள். அதன் மேலே ஏழு வரியில் நடந்தது என்ன என்ற விளக்கம். எட்டு கிலோக் குழந்தையின் அட்டவணையை அப்படியே ஒரு டெஸ்ட்டாக வைத்தாள். பிறகு அறுபது சொச்சம் இடங்களுக்கும் தன் பெயரில் கடிதம் போட்டாள்: பிழை என்னுடையது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை சேமித்ததைச் சரிபாருங்கள், எப்படிச் சரிபார்ப்பது என்பது கீழே. ட்வாய்பு தன் பெயரையும் கீழே சேர்த்தார். அவள் எடுக்கச் சொன்னாள்; அவர் எடுக்கவில்லை.

இரண்டு இடத்தார் ம்பிரியை விட்டுப் போனார்கள். ஒருவர் கடுமையாக எழுதினார். அந்தக் கடிதத்தை அவள் மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். லிகொமேகா சிஸ்டர் மட்டும் போனில், "இனிமே அட்டவணை அனுப்புறப்ப முந்தின நம்பரையும் பக்கத்துல போட்டு அனுப்பும்மா. மாறுனது எதுன்னு கண்ணு தானாப் பாத்துக்கும்," என்றார். அதையும் செய்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்கிற கணக்கு தொடர்ந்தது. சில நாள் ஒரு பெயரை மாற்றுவது மட்டுமே அன்றைய துண்டு. அந்த மாதிரி நாட்களில் அவள் மத்தியானத்துக்குள் நான்கு முறை மாடிப்படி ஏறி இறங்குவாள், தையல்காரர்கள் "இன்னிக்கு என்ன, சின்னதா?" என்று கேட்பார்கள். இன்னும் நான்கு வரிகள் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்கிற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. விளங்காத வரி எதைக் கண்டாலும் ட்வாய்புவை உட்கார வைத்து, அவர் விழித்தால் விடாமல் பிடித்து உலுக்கினாள். அவருக்கு நினைவு வராவிட்டால் உடைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பதினான்கு மாதம் ஆயிற்று. ஸோன்ஸே முப்பத்தொரு வரியாகச் சுருங்கிற்று. அந்தப் பொது மாறியின் கடைசி இடத்தை அழித்த அன்று ஊரில் கரண்டு இல்லை, பேட்டரியும் தீர்ந்துபோயிற்று. ஆகவே அகராதிக்காரர்கள் வந்து தங்கள் இரண்டு களஞ்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தது அதற்கடுத்த வாரம்தான். பார்த்துவிட்டு, "மூணு திறக்க முடியுமா?" என்று கேட்டார்கள். ட்வாய்பு வாயைத் திறக்குமுன் லுசுங்கு, "எத்தன வேணும்னாலும்," என்றாள்.

ம்பிரி பிறந்து ஒன்பது, இல்லை, அதற்குள் பதினோரு வருடமாகியிருந்தது. அவ்வளவு காலத்திலும் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வெளியாள் ஒருவர்கூட ம்பிரியின் நிரலில் ஒரு வரி எழுதியதில்லை. எழுதுவதென்றால் முதலில் படித்தாக வேண்டுமே. மார்ச் மாதம் வடக்கே ரும்பியிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். பெயர் ச்சிஷா முஹங்கோ. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. தும்புகா மொழியில் ஒரு எழுத்துக்குத் தலைமேல் சின்னத் தொப்பி உண்டு. அந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ம்பிரி அதை இரண்டு வெவ்வேறு எழுத்தாக எடுத்துக்கொண்டு, ஒரே கதைக் கோப்பை இரண்டு கோப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. ச்சிஷா பத்தொன்பது வரியில் அதைச் சரிசெய்திருந்தாள். ஏன் சரிசெய்தாள் என்பதை முப்பது வரியில் எழுதியிருந்தாள். டெஸ்ட்டும் இருந்தது.

லுசுங்குவே வடக்கத்திக்காரி. அந்தத் தொப்பி எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் முறை எழுதியவள். ஒருமுறைகூட இது அவளுக்குத் தோன்றியதில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் ட்வாய்பு.

அவள் மூன்று முறை படித்தாள். எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், வந்து நான்காவது முறை படித்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ செய்தது.

"ஒரு ஃபங்ஷனுக்கு அவ வெச்சிருக்கிற பேரு," என்றாள் கடைசியில், "நான் வெச்ச பேர விட நல்லாருக்கு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல." ஏற்றுக்கொண்டதாக ச்சிஷாவுக்குப் பதில் எழுதி அனுப்பினாள். பிறகு தான் வைத்திருந்த பெயர்களை எல்லாம் ஒன்றொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.